கார் டெக்னீஷியன் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு எந்த வழி: பயிற்சிக்கூடமா, பட்டறையா, கம்பெனி சர்வீஸ் சென்டரா?

வேறு வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்திலோ முப்பத்தைந்திலோ கார் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்தக் கோர்ஸில் சேரலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கோர்ஸின் பெயர் இரண்டாம்பட்சம். முதல் இரண்டு வருஷத்தில் என்னென்ன பழுதுகள் உங்கள் கைக்கு வரும், அவற்றில் எத்தனையை உங்களையே தேட விடுவார்கள் என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம், சான்றிதழ், கம்பெனியின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தத் தொழிலில் இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர் மாற்றுவது ஒன்று. ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் ஒரு வருஷத்தில் கை பழகிவிடும். என்ன பழுது என்றே தெரியாமல் வருகிற வண்டியில் காரணத்தைத் தேடிப் பிடிப்பது இன்னொன்று. இதற்கு வருஷங்கள் ஆகும். நல்ல சம்பளம் இதில்தான் இருக்கிறது. முதுகும் முழங்காலும் ஒத்துழைக்க மறுக்கிற வயதில் வேலையில் நிலைத்து நிற்பதும் இதை வைத்துத்தான்.

ஒரே பழுதுக் குறியீடு, இரண்டு விதமான கை

எஞ்சின் விளக்கு எரிகிறது என்று ஒரு பெட்ரோல் கார் வருகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டுகிறது. கலவை லீனாக இருக்கிறது, உள்ளே போகிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்கிறது கம்ப்யூட்டர். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து, வண்டியை அனுப்பிவிடுகிற பட்டறைகள் நிறைய. சில நாளில் விளக்கு மறுபடி எரியும். சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. லீன் என்பதைச் சொன்னதே அதுதான்.

தேடத் தெரிந்தவர் எதையும் கழற்றுவதற்கு முன் எஞ்சின் ஓடும்போதே ஸ்கேனர் காட்டும் லைவ் டேட்டாவில் ஃபியூல் டிரிம்மைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும் எண் அது. அந்த நொடிக்கான ஷார்ட் டெர்ம், நீண்ட நேரத்துக்கான லாங் டெர்ம் இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 22 என்று காட்டி, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 4க்கு இறங்கினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பிறகு எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் லீக்காகும் காற்று அதில் பெரிய பங்காகத் தெரியும். வேகம் கூடினால் அதே லீக் சிறிய பங்காகிவிடும். இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், எஞ்சின் மூச்சுக்குழாய் ஆகியவற்றைப் புகைக் கருவி வைத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். எண் தலைகீழாக இருந்தால், அதாவது ஐடிலில் சாதாரணமாகவும் ஏற்றத்தில் இழுக்கும்போது கூடிக்கொண்டும் போனால், காற்று லீக்கைத் தேடுவது வீண். பெட்ரோல் பம்ப் அழுத்தம், அடைத்த ஃபில்டர், அழுக்கேறிக் காற்றைக் குறைத்துக் காட்டும் ஏர்ஃப்ளோ சென்சார் என்று பார்க்க வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்கிடும் எஞ்சினில் லீக்காகும் காற்றையும் அந்த அழுத்த சென்சார் பார்த்துவிடும். அதனால் டிரிம் பெரிதாக ஏறாது. ஐடில் வேகம்தான் உயர்ந்து நிற்கும். முந்தைய விதியை மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். ஏன் அப்படி என்று புரிந்தவருக்குச் சிரமம் இல்லை.

இந்த யோசனையை எந்த இடம் உங்களுக்குள் ஏற்றும் என்று பார்த்தே கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறோம்.

முழுநேரப் பயிற்சிக்கூடம்

ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடிகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் என்று வரிசையாகப் படிக்கலாம். தப்பு செய்தால் வாடிக்கையாளரின் வண்டி பாழாகாது என்பது பெரிய வசதி.

குறையும் அங்கேதான். பயிற்சி எஞ்சின் நூறு முறை கழற்றி மாட்டியது. அதன் போல்ட் எல்லாம் விரலால் திருகினாலே சுழலும். நிஜ வண்டியில் எக்ஸாஸ்ட் நட்டு துருப்பிடித்து ஸ்டட்டோடு சேர்ந்து முறியும். அங்கே பழுதும் சுவிட்ச் போட்டு உண்டாக்கிய பழுது. ஒயர் முழுசாக அறுந்திருக்கும்; பாதி அரித்துப்போய், வெயிலில் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்கிற ஒயர் அங்கே கிடைக்காது. ஆகவே பயிற்சிக்கூடத்தில் படித்து வந்தவருக்கும் பட்டறையில் ஆறு மாதம் திணறல் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டே சேருங்கள்.

சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள், கட்டடத்தை விடுங்கள். ஸ்டார்ட் ஆகிற, பத்து வருஷத்துக்குள் வந்த வண்டி எத்தனை நிற்கிறது? மல்டிமீட்டர் ஆளுக்கு ஒன்றா, வகுப்புக்கு ஒன்றா? ஸ்கேனரை மாணவர் தொடுகிறாரா, இல்லை ஆசிரியர் காட்டுவதோடு சரியா? மொத்தப் பயிற்சி நேரத்தில் எலெக்ட்ரிகலுக்கு எவ்வளவு? கால்பங்குகூட இல்லையென்றால் அந்த இடம் பழைய பாடத்திட்டத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவதிலேயே மாதக்கணக்கில் போகிற இடங்களும் இருக்கின்றன.

ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் எவ்வளவு வர வேண்டும்?" பெரும்பாலான வண்டிகளில் கேன் லைன் (வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் ஒயர் ஜோடி) நேராக அந்த சாக்கெட்டுக்கு வரும், லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. சில வண்டிகளில் நடுவில் தகவலை வாங்கிக் கடத்தும் கேட்வே என்ற ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னால் தயங்காமல் சேரலாம்.

பட்டறையில் கையாளாகச் சேருவது

முதல் நாளிலிருந்தே கொஞ்சமாவது காசு வரும். துரு, அவசரம், வாடிக்கையாளரின் கோபம் எல்லாமே நிஜம். பலவகை வண்டிகள் வரும் பட்டறையாக இருந்தால் ஒரே வாரத்தில் பழைய டீசல், புது ஆட்டோமேட்டிக், மோதி வந்த வண்டி என்று எல்லாம் பார்க்கலாம். கற்றுக்கொள்வதற்கு இதைவிட வளமான இடம் கிடையாது. ஆனால் அது ஒரே ஒரு மனிதரை நம்பியிருக்கிறது: உங்களுக்கு மேலே இருக்கிற சீனியர். அவர் மீட்டர் பிடித்துத் தேடுகிறவர் என்றால் இரண்டு வருஷத்தில் நீங்களும் அப்படி ஆவீர்கள். அவர் பார்ட்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர் என்றால் நீங்களும் அதேதான்.

சேரும் முன் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று கவனித்தால் போதும். ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். ஹைட்ராலிக் சீல் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. வீல் நட்டை இம்பாக்ட் கன்னால் முழு மூச்சாக அடித்து முடிக்கிறார்களா, கன்னால் லேசாக இழுத்துவிட்டு இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் முடிக்கிறார்களா? பெரும்பாலான கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அளவைத் தாண்டிப் போனால் ஸ்டட் இழுபடும். ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் பிரேக் டிஸ்க் நேராக உட்காராமல், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துப் பெடலில் உதறல் வரும். பிரேக் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுகிறார்களா? பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்தோடு துடைக்க வேண்டியதை ஊதி எல்லாருடைய நுரையீரலுக்கும் அனுப்புகிறார்கள். கடைசியாக, ஒயரிங் வேலை நடக்கும்போது பக்கத்தில் டயகிராம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் சில மாதங்கள் கூட்டுவது, டயர் கழற்றுவது, ஆயில் மாற்றுவது என்றுதான் போகும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். புதியவர் செய்கிற பெரிய நாசங்கள் நடப்பது இந்தச் சின்ன வேலைகளில்தான். ஆயில் டிரெயின் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அது 25 முதல் 40 நியூட்டன் மீட்டர், சரியான எண் அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். ஆயில் தங்கும் சம்ப் பலவற்றில் அலுமினியம், பிளக் எஃகு. கழன்றுவிடுமோ என்ற பயத்தில் புதியவர் இன்னும் கால் சுற்று இறுக்குவார். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த சர்வீஸில் கழற்றும்போது மரை பிளக்கோடு சுருளாக வெளியே வரும். பழி அன்றைக்குக் கழற்றியவர் தலையில். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு, பிளக்கை முதலில் கையால் நான்கைந்து சுற்று ஏற்றி, பிறகு ரெஞ்சை வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிரேக் பேட் மாற்றுவதில் இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. புது பேட் தடிமனாக இருப்பதால் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்ட வேண்டும். தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே டேங்க்குக்கு ஏறும். யாராவது முன்பே நிரப்பி வைத்திருந்தால் வழிந்து பெயின்டைத் தின்னும். எல்லாம் மாட்டி முடிந்ததும் பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே இடைவெளி இருக்கும். பெடலை நான்கைந்து முறை மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கி ரிவர்ஸ் எடுத்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பின்னால் சுவரும் இருக்கலாம், ஆளும் இருக்கலாம். ஆகவே ஸ்டீயரிங்கில் கைவைக்கும் முன் பெடலில் கால் வைக்கிற பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

பட்டறையில் நேரடியாகச் சேருகிறவருக்கு மின்சார அடிப்படை தானாக வராது. மாலை வகுப்போ இணைய வகுப்போ எடுத்து ஈடுகட்ட வேண்டும். அந்த மாதிரிக் குறுகிய வகுப்பை மட்டும் நம்பி இந்தத் தொழிலுக்கு வர முடியாது. ஆனால் பகலில் பட்டறை, மாலையில் எலெக்ட்ரிகல் வகுப்பு என்ற சேர்க்கை பல முழுநேரக் கோர்ஸ்களைவிட மேல் என்றே சொல்வோம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் பயிற்சியாளராகச் சேர்ந்தால் கிடைக்கிற பெரிய சொத்து தகவல். சரியான ஒயரிங் டயகிராம், டார்க் அளவுகள், வேலை செய்யும் முறை, அந்த மாடலில் அடிக்கடி வரும் பழுதுகள் பற்றிய அறிவிப்புகள், ஸ்பெஷல் டூல் எல்லாம் மேஜை மேல் இருக்கும். வெளிப் பட்டறை பல சமயம் இதற்காகத்தான் திண்டாடுகிறது. வால்வும் பிஸ்டனும் ஒத்து நகர வைக்கும் டைமிங் பெல்ட்டைக் குறி பார்த்து, லாக்கிங் டூல் போட்டு மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறி திரும்பச் சேருகிறதா என்று சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு இங்கே சொல்லாமலே பழகிவிடும். ஒரு பல் தவறினால் பிக்கப் போகும். நிறைய தவறினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போய்விடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வருவது ஒரே கம்பெனி வண்டி, பெரும்பாலும் புதுசு. ஆளைப் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள்: ஒருவருக்கு புது வண்டிப் பரிசோதனை, ஒருவருக்கு பீரியாடிக் சர்வீஸ், இன்னொருவருக்கு ஏசி. பீரியாடிக் சர்வீஸில் மாட்டியவர் வருஷக்கணக்கில் ஆயில் ஃபில்டரோடேயே இருந்துவிடக்கூடும். ஆல்டர்னேட்டரைத் திறந்து கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மாற்றுகிற பழக்கம் இங்கே கிடையாது. முழு அசெம்பிளியாக மாற்றுவார்கள். வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் நேரமும் கஞ்சத்தனமாக இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை மாதத்தில் டயக்னோசிஸ் (பழுது தேடுதல்) செய்கிறவரோடு போடுவீர்கள்?" தெளிவான பதில் இல்லையென்றால் அந்தச் சென்டர் ஆயில் மாற்ற ஆள் தேடுகிறது. பயிற்சிச் செலவை அவர்கள் ஏற்றால் ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் கட்டாயம், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அவர்களே நீக்கினால் என்ன என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காவது வழி, வாகனப் படை வைத்திருக்கும் நிறுவனத்தின் சொந்த ஒர்க்‌ஷாப். பஸ், லாரி, டெலிவரி வேன். இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. நேரத்துக்கு வேலை, மாதச் சம்பளம், ஒவ்வொரு வண்டிக்கும் முழு ரெக்கார்ட். ஒரே மாதிரி இருபது வண்டி இருப்பதால் நல்ல வண்டியில் அளந்து, கெட்ட வண்டியோடு ஒப்பிடலாம். பழுது தேடப் பழக இது ரொம்ப வசதி. வண்டி வகை குறைவு, பாரம் தூக்குவது அதிகம், சில இடங்களில் இரவு ஷிஃப்ட் உண்டு. குடும்பம் இருக்கிறது, வருமானம் நிற்கக்கூடாது என்கிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம். டயர், பிரேக், அலைன்மென்ட் மட்டும் செய்யும் விரைவு சர்வீஸ் கடைகள் கைவேகம் தரும். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே கற்க ஒன்றும் இருக்காது.

சம்பளம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்

தொகையைவிட முறையைப் பாருங்கள். மாதச் சம்பளம் ஒன்று. வேலைக்கு இவ்வளவு மணி என்று புத்தகத்தில் போட்டு, அந்த மணிக்கு மட்டும் தருகிற ஃபிளாட் ரேட் மற்றொன்று. முன்பக்க பிரேக் பேடுக்குப் புத்தகத்தில் 1.2 மணி என்று வைத்துக்கொள்வோம். பழகியவர் 0.7 மணியில் முடித்து 1.2க்குக் காசு வாங்குவார். புதியவருக்கு காலிப்பர் ஸ்லைட் பின் துருவில் இறுகி, டிஸ்க் ஸ்குரூவின் தலை தேய்ந்து, 2.5 மணி ஆகும்; காசு அதே 1.2க்குத்தான். வண்டி சத்தத்தோடு திரும்பி வந்தால் அதைப் பார்க்கிற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. விளைவு என்ன? அவசரம். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்காமல் பேடை மட்டும் மாட்டுவது, காலிப்பரைக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிடுவது எல்லாம் இந்த அவசரத்தில் வருவதுதான். முதல் இரண்டு வருஷம் ஃபிளாட் ரேட்டுக்குப் போகாதீர்கள், மாதச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சரி.

பழுது தேடுகிற நேரத்துக்குக் காசு யார் தருகிறார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள். டயக்னோசிஸுக்கு வாடிக்கையாளரிடம் தனியாக வாங்காத பட்டறையில், தேடுவதை நேர விரயமாகத்தான் பார்ப்பார்கள். அங்கே பார்ட்ஸ் மாற்றிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கும்.

டீசலா, மின்சார வண்டியா?

பெட்ரோல் கார் பொதுப்படை. அடிப்படை அதில் பழகுவது சுலபம். டீசலில் வேலை நிறைய, ஆள் கிடைப்பது குறைவு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 2000 பாரைத் தொடும், சிலவற்றில் தாண்டும். எஞ்சின் ஓடும்போது லீக் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த மாதிரிதான் தெரியும், உள்ளே திசு அழுகத் தொடங்கியிருக்கும். அது அறுவை சிகிச்சைக்கான அவசரம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கிறவர்களும் உண்டு, எஞ்சினை நிறுத்தி அழுத்தம் இறங்கிய பிறகு ஈரத்தடத்தைப் பார்ப்பதே பத்திரம். சுத்தமும் முக்கியம். பைப்பைக் கழற்றியவுடன் மூடி போடாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி இன்ஜெக்டரைக் காவு வாங்கும்.

மின்சார வண்டி வந்துவிட்டதே, இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச் இல்லை, உண்மைதான். டயர், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏசி, பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட் எல்லாம் இருக்கின்றன. பிரேக் பேட் தேய்வது குறைவு. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் சும்மா கிடந்து காலிப்பர் துருவில் இறுகுகிற பிரச்சினை அதற்குப் பதிலாக வருகிறது. வண்டி உயிரே இல்லாமல் நின்றால் பெரிய பேட்டரியைத் தொடும் முன் சின்ன 12 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். பல சமயம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆரஞ்சு நிற ஒயரில் 400 வோல்ட்டும், சில வண்டிகளில் 800 வோல்ட்டும் ஓடுகிறது. உரிய பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் அதில் கைவைக்கக்கூடாது. பயிற்சியில் சொல்லும் வரிசை ஏறத்தாழ இதுதான்: வண்டியை அணைத்து, சாவியைத் தூர வைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிப் பூட்டிவைத்து, கெபாசிட்டர் இறங்க மேனுவலில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து, பிறகு மீட்டரால் பூஜ்யம் என்று உறுதிசெய்வது. 1000 வோல்ட் வரை தாங்கும் ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் சுருட்டி, காற்று கசிகிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். இதில் உயிரை வாங்குகிற தவறு கடைசிப் படியில் இருக்கிறது. மீட்டரின் லீட் அறுந்திருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும். அதனால் மீட்டரை முதலில் உயிருள்ள ஒரு மூலத்தில் வைத்துக் காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு வண்டியில் அளந்து, மறுபடி அந்த மூலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது அளவைத் தவிர்க்கிறவரை அந்தப் பகுதிக்குள் விடக்கூடாது.

எடுத்த எடுப்பில் மின்சார வண்டியை மட்டும் படிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 12 வோல்ட்டில் எர்த் கோளாறைத் தேடத் தெரிந்தவருக்கு உயர் மின்னழுத்தப் பயிற்சி பிறகு சீக்கிரம் ஏறும். தலைகீழாக வந்தால் ஏறுவது கஷ்டம். பாடி, பெயின்ட் வேலை தனித் தொழில், கண்ணும் கையும் வேறு விதமாகப் பழக வேண்டும்; இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனத்துக்குச் சாதாரண முகக்கவசம் போதாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

வேலையை விடும் முன் ஒரு சோதனை

ஒரு நல்ல மல்டிமீட்டரும், உரிமையோடு தொடக்கூடிய ஒரு பழைய காரும் போதும். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியை அளந்தால், நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்தில் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7. புது வண்டிகளில் சார்ஜைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குவதால் இந்த எண் மாறலாம். இனி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த் ஒயரிலோ அதன் போல்ட்டிலோ எதிர்ப்பு இருக்கிறது. புது பேட்டரி போட்டாலும் வண்டி சோம்பலாகத்தான் சுழலும். அந்தப் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி அளக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவரும். சலிப்பாக இருந்தால் பாடி வேலையோ டயர் வேலையோ யோசிக்கலாம்.

கருவிக்குக் கடன் வாங்காதீர்கள். பெரிய டிராயர் பெட்டியோடு வேலைக்கு வருகிற புதியவர் அதன் தவணைக்காகவே பிடிக்காத இடத்தில் மாட்டிக்கொள்கிறார். 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை சாக்கெட், அதே அளவில் காம்பினேஷன் ஸ்பேனர், கால், எட்டில் மூன்று, அரை அங்குல ராட்செட், 20 முதல் 100 வரைக்கும் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரைக்கும் ஆக இரண்டு டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், தலையில் மாட்டும் விளக்கு, கண்ணைக் காக்கும் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. பத்து மில்லிமீட்டர் சாக்கெட் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்குங்கள், அது எஞ்சினுக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். ஸ்பிரிங் உள்ள டார்க் ரெஞ்சை வேலை முடிந்ததும் அதன் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். மற்ற எதையும் மூன்றாம் முறை இரவல் கேட்கிற நிலை வரும்போது வாங்கினால் போதும்.

யாருக்கு எது

ஒரு வருஷம் வருமானம் இல்லாமல் சமாளிக்க முடியும், வயது முப்பதுக்குள் என்றால் எலெக்ட்ரிகல் வலுவாக உள்ள பயிற்சிக்கூடம், அதன்பின் இரண்டு வருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டர், பிறகு பலவகை வண்டி வரும் பட்டறை. ஒழுங்கை முதலில் கற்று, குழப்பத்துக்குப் பிறகு போவது நல்ல வரிசை. சம்பளம் நிற்கக்கூடாது என்றால் வாகனப் படை ஒர்க்‌ஷாப், கூடவே மாலை வகுப்பு. நல்ல சீனியர் ஒருவரைத் தெரியும், அவர் சேர்த்துக்கொள்கிறார் என்றால் மற்றதையெல்லாம் மறந்துவிட்டு அவரிடம் போங்கள். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. நாற்பதை நெருங்குகிறவர், எலெக்ட்ரானிக்ஸோ கம்ப்யூட்டரோ தெரிந்தவர் என்றால் கியர்பாக்ஸ் இறக்குகிற போட்டிக்குப் போகாமல் நேராக ஆட்டோ எலெக்ட்ரிகல், கேமரா, ரேடார் கேலிபரேஷன் பக்கம் குறிவைக்கலாம். முன்கண்ணாடி மாற்றினாலே பல வண்டிகளில் கேமராவை மறுபடி சீரமைக்க வேண்டியிருக்கிறது. சமதளத் தரையும் சரியான தூரத்தில் இலக்குப் பலகையும் வைத்துப் பொறுமையாகச் செய்கிற வேலை அது.

எந்த வழியில் போனாலும் ஒரு நோட்டில் வேலைக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள்: வாடிக்கையாளர் சொன்ன குறை, எஞ்சின் சூடா குளிரா, முதலில் அளந்த எண்கள், சந்தேகப்பட்டது, கடைசியில் கிடைத்த காரணம், சரிசெய்த பிறகு அளந்த எண்கள். பதினெட்டு மாதம் கழித்து அதைப் புரட்டும்போது ஆயிலும் பேடும் மட்டுமே இருந்தால், தேடுகிற வேலை தரச் சொல்லி நேரடியாகக் கேளுங்கள். ஆறு மாதத்தில் மாறவில்லையென்றால் வேறு இடம் பார்க்கலாம். அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள்.